புகையறியாத் தூபக்கால்: யப்பானிய ஏற்றுமதி மட்கலங்களின் அலங்காரமும் மலையகத் துரை பங்களாவும்

1. முன்னுரை

1867ஆம் ஆண்டின் மூன்று நிகழ்ச்சிகளை ஒருசேர நோக்குவது இக்கட்டுரையின் பொருளுக்கு ஏற்ற தொடக்கமாகும். அவ்வாண்டிலே கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையைப் பயிரிட்டார். பாரிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியிலே தென் யப்பானின் சட்சுமாச் சிற்றரசு, ஷோகுனின் அரசினின்றும் பிரிந்து தனக்கெனத் தனியிடம் பெற்றுத் தன் நாட்டுப் பொருள்களைக் காட்சிக்கு வைத்தது. அவற்றுள் மட்கலங்களும் இடம்பெற்றன. அதே ஆண்டில், பண்டம் என்பதன் இயல்பை ஆராய்வதில் தொடங்கும் கார்ல் மார்க்சின் ‘மூலதனம்’ முதற்பாகம் ஹம்பேர்க் நகரிலே வெளியாயிற்று.

லூல்கந்துரவில் நட்டவருக்கும் சட்சுமாவில் வனைந்தவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. எனினும் இருவருடைய உழைப்பின் பயனும் ஒரே உலகச் சந்தையை நோக்கிச் சென்றது. சில பத்தாண்டுகளின் பின் அவ்விரண்டும் ஒரே வீட்டுக் கூடத்தில், ஒன்று மேசைமீதும் மற்றையது கணப்படுப்பின் மேடைமீதுமாக, சந்தித்துக்கொண்டன.

ஹற்றனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றின் பழைய துரை பங்களா இப்பொழுது உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாக உள்ளது. அதன் கூடத்திலே அத்தகைய மட்கலமொன்றைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒரு சாண் உயரம், மூன்று கால்கள், மேல்நோக்கி வளைந்த இரு கைப்பிடிகள், துளையிட்ட மூடி, மூடியின் உச்சியில் சிங்கவுரு. பாற்கட்டி நிறமான உடலெங்கும் மயிரிழை போன்ற வெடிப்புகள். அவற்றின்மீது பொன்னும் பன்னிற எனாமலும் இடைவெளியின்றிப் பரவியிருந்தன. யப்பானியர் ‘கோரோ’ என வழங்கும் தூபக்கால் இது. மூடியை எடுத்துப் பார்த்தபோது உட்புறத்தில் புகைக்கறை சிறிதும் காணப்படவில்லை.

தூபமிடுவதற்கென உருவான ஒரு கலம் ஒருபோதும் புகை காணாதிருந்தமைக்குக் காரணம் யாது? பயன் அருகிய வேளையில் அலங்காரம் பெருகியமைக்குக் காரணம் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கலைப்பொருளை அதன் உற்பத்தி உறவுகளினின்றும் பிரித்து நோக்குவோர்க்கு இவை வினாக்களாகவே தோன்றமாட்டா.

2. நறும்புகையும் நிலமானிய நாகரிகமும்

தூபக்காலின் வடிவம் யப்பானில் தோன்றியதன்று. மூன்று கால்களையும் இரு கைப்பிடிகளையும் கொண்ட அமைப்பு, பண்டைச் சீனத்தின் வெண்கலச் சடங்குக் கலங்களிலிருந்து வந்தது. பௌத்த மதத்துடன் தூபமிடும் வழக்கமும் யப்பானை அடைந்தது. 595ஆம் ஆண்டில் அவாஜித் தீவின் கரையிலே அகிற்கட்டையொன்று ஒதுங்கியதாக அந்நாட்டின் பழைய வரலாற்று நூலாகிய ‘நிஹோன் ஷொக்கி’ கூறுகின்றது. அகிலும் சந்தனமும் யப்பானிய மண்ணில் விளைவன அல்ல. எனவே நறும்புகை அங்கு தொடக்கத்திலிருந்தே தொலைதூர வாணிகத்தின் பேறாகவும், அக்காரணத்தால் உயர்குடியினரின் உடைமையாகவும் இருந்தது.

15ஆம் நூற்றாண்டளவில் இவ்வழக்கம் கோவிலையும் அரண்மனையையும் கடந்து தனிக்கலையாக வளர்ந்தது. சிறிய கலத்திற் சாம்பலை நிரப்பி, அதனுள்ளே எரியும் கரித்துண்டைப் புதைத்து, மேலே மெல்லிய அப்பிரகத் தகட்டை வைத்து, அதன்மீது நெல்மணியளவான அகிற்சிராயை இடுவர். புகை எழாது, மணம் மட்டும் எழும். அம்மணத்தை முகர்தல் என்னாது ‘கேட்டல்’ என்றே யப்பானியர் கூறுவர். அகில் வகைகளை ஆறாகப் பகுத்து அவற்றுக்கு நாட்டுப் பெயர்களை வழங்கினர். அவற்றுள் ‘சுமொதரா’ சுமாத்திராவையும் ‘மனபன்’ மலபார்க் கரையையும் சுட்டுவனவாகப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து குவிந்த பண்டங்களை விரித்துரைக்கும் பட்டினப்பாலை, மேற்குமலையிற் பிறந்த ஆரத்தையும் அகிலையும் அவற்றுள் வைத்துப் பேசுவதை இங்கு நினைவுகூரலாம். தமிழர் கடலும் யப்பானியர் கடலும் மணப்பொருள் வாணிகத்தினால் இணைந்திருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இத்தகைய சமூகச் சூழலிலே தூபக்காலின் வடிவமும் அலங்காரமும் அதன் பயனுக்கு அடங்கியே நின்றன. மணங்கேட்கும் கலம் கைக்குள் அடங்குமாறு சிறியதாயும் பெரும்பாலும் எளியதாயும் இருந்தது. அலங்காரம் மிக்கவை இல்லாமலில்லை. 17ஆம் நூற்றாண்டிலே கியோத்தோ நகரில் வாழ்ந்த நொநொமுரா நின்செய் என்னும் குயவர் வனைந்த கௌதாரியினப் பறவை வடிவிலான தூபக்கால், இன்று யப்பானின் தேசியச் செல்வங்களுள் ஒன்றாக இஷிக்காவா மாகாணக் கலைக்கூடத்திலே பேணப்படுகின்றது. நிலமானியப் பிரபுக்களின் சுவைக்காகச் செய்யப்பட்ட ஆடம்பரப் பொருள் அது. ஆனால் அப்பறவையின் முதுகே மூடி. அம்மூடியிலுள்ள துளைகள் புகைக்காகவே இடப்பட்டவை. ஆடம்பரத்தின் நடுவிலும் பயன் மறக்கப்படவில்லை.

3. கடல் கடத்தப்பட்ட குயவர்

நமது ஆய்வுக்குரிய சட்சுமா மட்கலத்தின் வரலாறு ஒரு படையெடுப்பிலிருந்து தொடங்குகின்றது. 1592 முதல் 1598 வரை தோயோதோமி ஹிதெயோஷி கொரியாவின்மீது நடத்திய போர்களின் முடிவில், அவற்றிற் பங்குகொண்ட சட்சுமாத் தலைவன் ஷிமாசு யொஷிஹிரோ கொரியக் குயவர்களைச் சிறைப்பிடித்துத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தான். ஏனைய மேற்கு யப்பானியத் தலைவர்களும் அவ்வாறே செய்தனர். யப்பானிய மட்கலை வரலாற்றில் அப்போர்களுக்குக் ‘குயவர் போர்’ என்ற பெயரும் வழங்குவது பொருத்தமானதே.

அக்குயவர் குடியமர்ந்த ஊர்களுள் நயெஷிரோகாவா சிறப்பானது. அவ்வூரார் கொரியப் பெயர்களையும் உடையையும் மொழியையும் கைவிடலாகாது எனவும், வெளியாருடன் மணவுறவு கொள்ளலாகாது எனவும் சிற்றரசு விதித்தது. ஆட்சியாளருக்கு வேண்டியது அவர்களது கைத்திறன். அதனைக் கலவாது தனிப்படுத்திக் காப்பதற்கு இனவேறுபாடே வேலியாயிற்று. வனையப்பட்ட பொருளிலும் வர்க்கப் பிரிவு வெளிப்பட்டது. இரும்புச் சத்து மிக்க மண்ணிலான கருஞ்சட்சுமா பொதுமக்களின் அன்றாடப் பாவனைக்கு உரியது. வெண்மண்ணிலான வெண்சட்சுமா ஷிமாசுக் குடும்பத்தினரின் உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

1868இன் மெய்ஜி மாற்றத்தின் பின்னர் சிற்றரசுகள் ஒழிந்தபோது நயெஷிரோகாவா மக்கள் முன்பு பெற்றிருந்த ஆதரவை இழந்தனர். இனப் பாகுபாடு எஞ்சி நின்றது. 1941இலும் 1945இலும் யப்பானின் வெளிநாட்டமைச்சராக இருந்த தோகோ ஷிகெனோரி 1882இல் அவ்வூரிலேயே பிறந்தவர். அவரது குடும்பப் பெயர் முதலில் ‘பாக்’ என்ற கொரியப் பெயராகவே இருந்தது. அவர் சிறுவராயிருந்தபோது தந்தையார் யப்பானியக் குடும்பப் பெயரொன்றை விலைகொடுத்துப் பெற்றார். முந்நூறு ஆண்டுகள் ஒரு மண்ணிலே வாழ்ந்து, அந்நாட்டின் புகழ்பெற்ற பொருளை உருவாக்கிய மக்கள், அந்நாட்டவராக ஏற்கப்படுவதற்கு ஒரு பெயரை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. மலையக வாசகர்க்கு இச்செய்தியின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

4. அலங்காரத்தின் அரசியற் பொருளாதாரம்

சட்சுமாவில் வெண்கலங்களின்மீது எனாமலும் பொன்னுங் கொண்டு தீட்டும் முறை 18ஆம் நூற்றாண்டின் இறுதியளவிலேயே வேரூன்றியது. அக்காலத்து அலங்காரம் அளவானது. ஒரு மலர்க்கொத்து, ஒரு மூங்கில், விளிம்பிலே ஒரு பொற்கோடு; எஞ்சிய இடமெல்லாம் வெறுமையாகவே விடப்பட்டது. அவ்வெறுமையும் அழகின் பகுதியாகவே கருதப்பட்டது.

1867இன் பாரிஸ் கண்காட்சியும், மெய்ஜி அரசு பெருமுயற்சியுடன் கலந்துகொண்ட 1873இன் வியன்னாக் கண்காட்சியும் இந்நிலையை மாற்றின. நயெஷிரோகாவாவின் பன்னிரண்டாம் சின் ஜுக்கான் அனுப்பிய பெருஞ்சாடிகள் வியன்னாவிலே பெரும் பாராட்டைப் பெற்றன. லண்டன் ரீஜன்ட் வீதியிலே 1875இல் ஆதர் லிபர்ட்டி தொடங்கிய கடை போன்றவை கீழைத்தேயப் பொருள்களை நடுத்தர வர்க்க வீடுகளுக்கும் கொண்டுசென்றன. யப்பானிய அரசுக்கு இயந்திரங்களும் போர்க்கப்பல்களும் வாங்க அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. பட்டும் தேயிலையும் அதன் முதன்மை ஏற்றுமதிகள். மட்கலம் அவற்றுக்குத் துணையாயிற்று.

தேவை பெருகவே ‘சட்சுமா’ என்பது ஓர் ஊரின் பெயராயிராது ஒரு சந்தைச் சரக்கின் பெயராயிற்று. கியோத்தோ, ஒசாக்கா, யோக்கோஹாமா, கோபே, தோக்கியோ ஆகிய நகரங்களிற் பட்டறைகள் எழுந்தன. ஒசாக்காவின் யாபு மெய்சான் தீட்டப்படாத வெற்றுக் கலங்களைச் சட்சுமாவிலிருந்து தருவித்துத் தமது பட்டறையிலே அலங்கரித்தார். நுண்ணிய உருக்களின் கோடுகளைக் கலத்திற் பதிப்பதற்குச் செப்புத் தகடுகளைப் பயன்படுத்தினார். கியோத்தோவின் அவாத்தா வட்டாரத்தில் கின்கோசான் குடும்பத்தினரின் பட்டறை பெருந்தொழிலகமாக வளர்ந்தது. இத்தகைய பட்டறைகளிலே வனைபவர் வேறு, சூளையிடுபவர் வேறு, உருத் தீட்டுபவர் வேறு, விளிம்புக் கோலம் இடுபவர் வேறு, பொன் பூசுபவர் வேறு என வேலை துணிக்கப்பட்டது. கலம் ஒன்றாக இருந்தது. அதனை முழுமையாகச் செய்தவர் என ஒருவர் இருக்கவில்லை.

இப்பின்னணியிலேயே அலங்காரத்தின் பெருக்கத்தை விளங்கிக்கொள்ளல் வேண்டும். நான் கண்ட கலத்தின் இருபுறமும் சட்டமிட்ட இரு சித்திரக் கட்டங்கள் உள்ளன. ஒன்றிலே பொன்னொளி வட்டங்களுடன் துறவியர் கூட்டம். மற்றையதிலே பூத்த சோலையில் அரண்மனை மகளிரும் குழந்தைகளும். கட்டங்களுக்கு வெளியே செவ்வந்தியும் பியோனிப் பூவும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. அவற்றுக்கு மேலும் கீழும் ஆமையோட்டு வடிவமும் பட்டாடைக் கோலமும் சுற்றி ஓடுகின்றன. காலும் கைப்பிடியும் கூடப் பொற்புள்ளிகளால் மூடப்பட்டுள்ளன. வெறுமை என்பது ஓரங்குலமும் இல்லை.

இதனை யப்பானியச் சுவையின் வெளிப்பாடு எனக் கொள்வது தவறாகும். தொலைதூரத்துக் கொள்வோன், கலத்தின் வடிவநயத்தையோ மண்ணின் தன்மையையோ மதிப்பிடும் பயிற்சியற்றவன். அவன் கண்ணுக்குப் புலனாவது கலத்தின்மீது எவ்வளவு வேலை செய்யப்பட்டுள்ளது என்பதே. எண்ணத்தக்க பூக்களும் எண்ணத்தக்க உருக்களும் பொன்னும், கொடுத்த விலைக்கு ஈடான உழைப்பு அங்கு இருப்பதற்குச் சான்றுகளாயின. மலிந்த உழைப்பு அச்சான்றை வாரி வழங்கியது. அழகியற் கோட்பாடு எனத் தோன்றுவது ஈண்டு கூலி விகிதத்தின் விளைவாகவும் அமைகின்றது.

அடிப்பாகத்திலுள்ள முத்திரையும் கவனிக்கத்தக்கது. வட்டத்தினுள்ளே சிலுவை போன்ற குறி ஷிமாசுக் குடும்பத்தின் இலச்சினையாகும். சட்சுமாவில் ஒருநாளும் சூளை காணாத கலங்களின் அடியிலும் அக்குறி இடப்பட்டது. ஒருகாலத்திலே பிரபுவின் தனியுடைமையைக் குறித்த சின்னம், அப்பிரபுவின் ஆட்சி ஒழிந்தபின் யாரும் இடத்தக்க வணிகக் குறியாயிற்று. நிலமானியம் தன் பெயரை முதலாளித்துவத்துக்கு விட்டுச் சென்றது எனலாம்.

பயன்நோக்கு முந்தியது, அழகியல்நோக்கு அதன்வழிப் பிந்தியது எனப் பிளெக்கானோவ் நிறுவினார். அக்கருத்து தொன்மைச் சமூகங்களை நோக்க உண்மையே. ஆனால் பண்ட உற்பத்தி நிலைபெற்ற காலத்திலே மூன்றாவது ஒரு படிநிலை எழுகின்றது. பயனிலிருந்து பிறந்த வடிவம் பயனை இழந்த பின்னரும் சந்தையில் உயிர்வாழ்கின்றது. மூடியிலே துளைகள் உள்ளன; ஆனால் அவை புகைக்காக அல்ல, தூபக்கால் போன்று தோற்றுவதற்காகவே உள்ளன. பயன்மதிப்பு தானே ஓர் அலங்காரமாகிவிட்டது.

இவ்வாறு கூறுவதனால் அக்கைவினைஞரின் திறனைக் குறைத்து மதிப்பிடுவதாகாது. பெருவிரல் நகத்தினளவான இடத்திலே ஒரு துறவியின் முகச்சுருக்கங்களைத் தீட்டிய கை போற்றற்குரியது. அத்திறனை மறுப்பது கொச்சை மார்க்சியமாகும். அத்திறன் எத்தகைய உறவுகளுக்குட்பட்டுச் செயற்பட்டது என்பதைக் கூறாது விடுவது வெறும் இரசனையாகும்.

5. ஈழத்துத் துறவியின் பெயரால்

சித்திரக் கட்டத்திலுள்ள துறவியர், யப்பானில் ‘ரகான்’ என வழங்கும் அரகந்தர்கள், அதாவது புத்தரின் அறநெறியைக் காத்து நிற்பதாகக் கூறப்படும் சீடர்கள் ஆவர். ஏற்றுமதிச் சட்சுமாவிலே மிகுதியாகக் காணப்படும் உருக்கள் இவையே. பதினாறு அரகந்தர் பற்றிய கோட்பாடு கீழைத்தேயத்திற் பரவுவதற்கு அடிப்படையாக அமைந்த நூல், நந்திமித்திரர் என்னும் துறவியின் உரையாக அமைந்தது. 654இல் யுவான் சுவாங் அதனைச் சீனத்தில் மொழிபெயர்த்தார். அந்நூல் நந்திமித்திரரைச் சிங்களத் தீவினர் என்றே கூறுகின்றது.

ஆகவே இத்தீவோடு இணைத்துப் பேசப்படும் ஒரு மரபு, சீனத்தின் வழியாக யப்பானை அடைந்து, அங்கே கோவில் ஓவியங்களில் வாழ்ந்து, பின்பு ஏற்றுமதிப் பட்டறையிற் பொன் முலாம் பெற்று, ஆங்கிலேயத் தோட்டத்துரையின் வீட்டுக்கு மீண்டு வந்துள்ளது. வழிபாட்டிற்குரிய உருவாகப் புறப்பட்டது விசித்திரப் பொருளாகத் திரும்பியது. மதக்கருத்துகளும் சந்தையின் வழியே செல்லும்போது தம் உள்ளடக்கத்தை இழந்து தோற்றத்தை மட்டும் காத்துக்கொள்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

6. கணப்படுப்பின் மேடை

கலம் மீண்டு வந்த பாதையை இனி நோக்குவோம். 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைநோய் தோன்றியது. கோப்பி அழிந்த இடத்தைத் தேயிலை நிரப்பியது. 1885இல் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் நிறைவெய்தியது. அதே ஆண்டில் மலைநாட்டுப் புகையிரதப் பாதை நானுஓயாவை அடைந்தது. 1896இல் நிப்பொன் யூசென் கப்பற் கம்பனி யப்பானிலிருந்து ஐரோப்பாவுக்கான சேவையைத் தொடங்கியபோது கொழும்பு அதன் தங்குதுறைகளுள் ஒன்றாயிற்று. யோக்கோஹாமாவிற் பொதிசெய்யப்பட்ட மட்கலம் கொழும்பில் இறங்கிப் புகையிரதத்திலே மலையேறுவதற்குத் தடையேதும் இருக்கவில்லை. அதே புகையிரதம் இறங்கும்போது தேயிலைப் பெட்டிகளைச் சுமந்து சென்றது.

யப்பானும் இலங்கையும் அக்காலத்திலே போட்டியாளராகவும் விளங்கின. அமெரிக்கச் சந்தையில் யப்பானியப் பச்சைத் தேயிலை பேரிடம் பெற்றிருந்தது. அதனை அகற்றுவதே இலங்கைத் தோட்டத்துரைமாரின் நோக்கம். 1893இன் சிக்காகோக் கண்காட்சியிலே, கிறின்லின்ரனின் பொறுப்பில், கண்டியச் சிற்பப் பாணியில் இலங்கை மண்டபம் அமைக்கப்பட்டுத் தேநீர் பரிமாறப்பட்டது. அதே கண்காட்சியில் யப்பான் தனது ‘பீனிக்ஸ் மாளிகை’யை எழுப்பிக் கலைப்பொருள்களை வைத்தது. இரு நாடுகளும் தம் பழைமையை அலங்காரமாக்கித் தம் தேயிலையை விற்றன. ஒரு வேறுபாடு உண்டு. யப்பான் தன் கணக்கிலே விற்றது. இலங்கையின் கணக்கு லண்டனில் இருந்தது.

தேயிலைச் சிப்பத்தின் அலங்காரமும் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கையிலே தோட்டங்களை வாங்கிய பின்னர் அவரது விளம்பரங்களிலே கூடை சுமந்த தமிழ்ப்பெண் இடம்பெறலானாள். மடிப்புக் குலையாத சேலை, அணிகலன், புன்னகை. யப்பானியத் தூபக்காலின் சோலையில் உலவும் அரண்மனை மகளிரைப் போன்று, அவளும் உழைப்பு நீக்கப்பட்ட உருவமாகவே தீட்டப்பட்டாள். அட்டை கடித்த காலும், மழையிற் போர்த்திய கம்பளியும், அரைப்பேர் விழுந்த நாளின் கணக்கும் அப்படத்திற்குள் வருவதில்லை. பண்டம் தன்னை உண்டாக்கியவரை மறைக்கும் என்பது பொதுவிதி. ஈண்டு அது இன்னும் ஒருபடி மேற்சென்று, உண்டாக்கியவரையே தன் அலங்காரமாக்கிக்கொண்டது.

ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவின் குளிரிலே, ஆங்கில நாட்டுப்புற வீட்டை நகல்செய்து எழுந்த பங்களாக்களுக்குக் கணப்படுப்பு இன்றியமையாதது. அதன் மேடையில் வைக்கப்படும் பொருள், வீட்டுக்குரியவன் உலகை அறிந்தவன், சுவையறிந்தவன் என வந்தோருக்கு அறிவிக்கும். நாட்டவரோடு கலவாத சிறுகூட்டமாக வாழ்ந்த துரைமார்க்கு இவ்வறிவிப்பு தேவையாயிருந்தது. 1876இல் நுவரெலியாவில் ஹில் கிளப் தோன்றியதும் இத்தேவையினாலேயே. தூபக்காலிலே புகையிடுவதற்கு அங்கே கடவுளுமில்லை, மணங்கேட்கும் கலையுமில்லை. எனவே அது பார்க்கப்படுவதற்காக மட்டுமே இருந்தது.

7. லயத்தின் தூபம்

பங்களாவிலிருந்து இறங்கிப் பிரட்டுக்களத்தைக் கடந்தால் லயத்தை அடையலாம். அங்கும் தூபக்கால் உண்டு. மாரியம்மன் கோவிலிலே பூசாரியின் கையில் அது பித்தளையாலானது. காம்பராவிலே பெரும்பாலும் மண்ணாலானது. பஜாரில் வாங்கிய சிறு சட்டி, அதுவுமில்லையெனில் உடைந்த பானையின் அடிப்பாகம். வெள்ளிக்கிழமை மாலையிலே மலையிலிருந்து இறங்கிய பெண், கொழுந்து நிறுத்து முடிந்து வீடு வந்ததும், அடுப்பிலிருந்து தணலை அதில் அள்ளிச் சாம்பிராணிப் பொடியைத் தூவுவாள். குளிப்பாட்டிய குழந்தையின் தலைமயிரை அப்புகையிலேயே உலர்த்துவர். நோயாளி கிடந்த இடத்திலும், சாவீட்டிலும், காமன் கூத்துத் தொடங்கும் களத்திலும் அது எழும்.

அச்சட்டியிலே அலங்காரம் இல்லை. ஆயினும் அது உலக வாணிகத்துக்குப் புறம்பான பொருளன்று. சாம்பிராணி சுமாத்திரா, சீயம் முதலிய நாட்டு மரங்களின் பிசின். யப்பானியப் பிரபு மணங்கேட்ட அகிலும், கூலிப்பெண் இட்ட சாம்பிராணியும் ஏறத்தாழ ஒரே கடல்வழியிற் சென்றவையே. பெருந்தோட்டத் தொழிலாளர் உலகறியாத பழைமையில் உறைந்தவர் என எழுதுவோர் இதனைக் கருதுதல் வேண்டும். அவர்களது வெள்ளிக்கிழமைப் புகையிலும் கடல்கடந்த வாணிகம் கலந்திருந்தது.

இவ்விரு தூபக்கால்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஒரு சிறு நிகழ்ச்சி எனக்கு உணர்த்தியது. மேற்குறித்த விடுதியின் விவரச் சீட்டிலே அக்கலம் ‘அலங்காரச் சாடி’ எனப்பட்டிருந்தது. அதனை நாள்தோறும் துடைப்பவர் அத்தோட்டத்து லயத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி. இது என்ன பாத்திரம் அக்கா என வினவினேன். “சாம்பிராணிச் சட்டிதானுங்க சேர். மூடியில ஓட்டை இருக்குல்ல. ஆனா நான் வேலைக்கு வந்ததிலேருந்து இதுல ஒருநாளும் பொக போட்டதில்லீங்க” என்றார். அவ்வீட்டில் அக்கலத்தின் பயனை அறிந்தவர் அவர் ஒருவரே. யாரும் அவரைக் கேட்டதில்லை.

இவ்விடத்தே நயெஷிரோகாவாவை மீண்டும் நினைத்தல் தகும். கொரியக் குயவர் போரிலே சிறைப்பட்டவர். மலையகத் தொழிலாளர் பஞ்சத்தாலும் கடனாலும் கங்காணியாலும் கொண்டுவரப்பட்டவர். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர். 1921இல் ஒழிக்கப்படும்வரை ‘துண்டு’ முறையினால் கடனோடு ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாற்றப்பட்டவர். கட்டாயத்தின் வடிவங்கள் வேறு. நிலமானியத் தலைவன் வாளால் செய்ததைக் குடியேற்றநாட்டு முதலாளித்துவம் கடன்சீட்டால் செய்தது. ஆனால் உழைப்பைத் தேவையென ஏற்று உழைப்பாளரை அந்நியரென ஒதுக்கும் பண்பு இரண்டிடத்தும் ஒன்றே. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பதற்கென ஒத்திவைத்தது. நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. அதுகாறும் அவர்கள் பறித்த தேயிலைக்கு இருந்த நாட்டுப்பெயர் அவர்களுக்கு இருக்கவில்லை.

8. முடிவுரை

மலையகத்தின் கலைமரபைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. 1908இல் வெளிவந்த அவரது ‘மத்தியகாலச் சிங்களக் கலை’, வாணிகமும் பெருந்தோட்டமும் கண்டியக் கைவினைஞரின் வாழ்வைச் சிதைத்தமையை உணர்ந்து எழுதப்பட்ட நூல். ஆனால் சிதைவுக்கு முந்திய நிலமானிய ஒழுங்கை அவர் இலட்சியமாகக் கண்டார். அவ்வொழுங்கினுள் இருந்த கட்டாய ஊழியம் அவர் பார்வையில் இசைவாகத் தோன்றியது. அவரது நூலின் எல்லைக்கு வெளியே, அதே மலைகளில் அப்பொழுதே பல இலட்சம் தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்தனர். கைவினைக்கு வரலாறு உண்டு, கூலியுழைப்புக்கு வரலாறில்லை என்ற எண்ணம் அவ்வெல்லையிலே மறைந்து நிற்கின்றது.

அவ்வெண்ணம் இன்றும் மறையவில்லை. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் பல பங்களாக்கள் ‘மரபுரிமை’ என்ற பெயரில் விடுதிகளாயின. துரையின் சாய்நாற்காலியும் வெள்ளித் தேநீர்க் கலமும் யப்பானியத் தூபக்காலும் மரபுரிமையாகப் பேணப்படுகின்றன. லயமோ இடிக்கப்பட வேண்டிய குடியிருப்பாக மட்டுமே பேசப்படுகின்றது. லயம் ஒழிய வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதனுள் நடந்த வாழ்வின் சான்றுகளும் அதனுடன் அழிய வேண்டியதில்லை. கம்பளைக்கு அண்மையிலுள்ள பழைய பீக்கொக் தோட்டத்தின் லயத்திலே 2007இல் நிறுவப்பட்ட தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகம் இத்திசையில் வைக்கப்பட்ட முதலடிகளுள் ஒன்று. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்த நினைவு நடைபயணம், அவ்வரலாற்றை அம்மக்களே உரிமை கோரத் தொடங்கிவிட்டமையைக் காட்டிற்று.

யப்பானியத் தூபக்காலை உடைத்தெறிய வேண்டும் என்பது நமது வாதமன்று. அதனைச் சரியாக வாசிக்க வேண்டும் என்பதே வாதம். அதன் பொன்னிலே கியோத்தோப் பட்டறைத் தொழிலாளியின் கூலி உண்டு. அதன் வெண்மண்ணிலே நாடுகடத்தப்பட்ட கொரியக் குயவனின் அறிவு உண்டு. அது நின்ற மேடையின் விலையிலே மலையகப் பெண்ணின் கொழுந்து உண்டு. இம்மூன்றையும் ஒருசேரக் கூறும் விவரச் சீட்டு எழுதப்படும்வரை அக்கலத்தின் வரலாறு எழுதப்பட்டதாகக் கொள்ளவியலாது.

அப்பணிக்கு முன்னோடியாக ஒரு சிறு பணி நம் கையிலேயே உள்ளது. மலையகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர், தத்தம் தோட்டத்துக் காம்பராக்களிலே பயன்பட்ட மட்சட்டி, பித்தளைத் தூபக்கால், கொழுந்துக்கூடை, கவ்வாத்துக் கத்தி, தப்பு ஆகியவற்றின் பெயர், அளவு, செய்முறை, செய்தோர், பயன்படுத்தியோர் ஆகிய விவரங்களைத் தம் பாட்டிமாரிடமிருந்து கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். கேட்பதற்கு உரியவர்கள் இன்னும் இருக்கின்றார்கள். கேட்கப்பட்டால் அவர்கள் சொல்வார்கள்.